பிரிட்டனில் கன்ட்ரி பாட வருபவர்கள்: பாட்டு எங்கிருந்து வருகிறது, மேடையில் எப்படி நிற்கிறது

கேள்வி இது: பிரிட்டனில் பிறந்து வளர்ந்தவர்கள் தாங்களே பாட்டெழுதி, கிட்டாரோடு கன்ட்ரி பாட வருகிறார்கள். அமெரிக்கத் தென்மாநிலங்களின் இசை அவர்களுக்கு எப்படி ஒட்டுகிறது? யாரைக் கேட்டு வளர்கிறார்கள்? பெயர் தெரியாத காலத்தில் மேடையை எப்படிச் சமாளிக்கிறார்கள்?

நன்றாகவே ஒட்டுகிறது. இந்த இசையில் ஒரு பங்கு பிரிட்டனிலிருந்து கப்பலேறிப் போனதுதான். 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப் என்ற ஆங்கிலேயர், மாட் கார்ப்பலிஸ் என்ற உதவியாளரைக் கூட்டிக்கொண்டு அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைக்கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பாட்டுகளைக் குறித்தெடுத்தார். இங்கிலாந்திலேயே மறைந்துகொண்டிருந்த கதைப்பாடல்களை அந்த மலைமக்கள் வாய்மொழியாகக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றில் ஒன்றான 'பார்பரா ஆலன்' பாட்டைக் கேட்டதாக லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1666-லேயே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அது ஒரு பங்கு மட்டுமே. பான்ஜோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அடிமைகளின் வாத்தியம். 1927-இல் டென்னசி எல்லையிலுள்ள பிரிஸ்டல் ஊரில் ரால்ஃப் பியர் நடத்திய ஒலிப்பதிவுகளில்தான் கன்ட்ரியின் தொடக்க நட்சத்திரங்களான கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரோஜர்ஸும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். பின்னால் கார்ட்டர் குடும்பத்துக்குப் பாட்டுகளைத் தேடித் தந்தவரும், மேபெல் கார்ட்டரின் கிட்டார் கைக்குப் பாடம் தந்தவரும் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். கறுப்பினத்தாரின் ப்ளூஸ் இசை இல்லாமல் ஜிம்மி ரோஜர்ஸே இல்லை. பிரிட்டனில் இன்று இந்த இசைக்கு வருகிறவர் 'எங்கள் தாத்தாக்களின் பாட்டுதானே' என்று மட்டும் நினைத்துக்கொண்டு உள்ளே வந்தால் பாதியைத் தவறவிடுவார். பாட்டுகளில் கதை இருக்கும், தாளத்தில் அசைவு இருக்காது.

பிரிட்டனுக்குள் அது திரும்பி வந்த வழிகளும் பல. லிவர்பூல் துறைமுகம் ஒன்று. அமெரிக்கா போய்வந்த மாலுமிகள் கொண்டுவந்த இசைத்தட்டுகளால் 1950களில் அந்த ஊரில் கன்ட்ரி குழுக்கள் முளைத்தன. பீட்டில்ஸ் குழுவில் ரிங்கோ ஸ்டார் கன்ட்ரி பைத்தியம். 1970-இல் கன்ட்ரியின் தலைநகரான அமெரிக்க நகரம் நாஷ்வில்லுக்கே போய் ஒரு முழு ஆல்பம் பதிவு செய்தார். 1956-இல் லானி டோனிகனின் ஸ்கிஃபிள் (எளிய கருவிகளோடு பாடும் இசை) அலை, மூன்று கார்ட் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டு) தெரிந்தால் மேடையேறலாம் என்ற துணிச்சலை ஒரு தலைமுறைக்கே கொடுத்தது. டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் தனிப் பாடகியாகப் புகழ்பெறும் முன் இருந்த ஸ்பிரிங்ஃபீல்ட்ஸ் குழு 1962-இல் ஒரு கன்ட்ரி பாட்டோடு அமெரிக்க முதல் இருபதுக்குள் நுழைந்தது. ஆல்பர்ட் லீ என்ற ஆங்கிலேய கிட்டார் கலைஞர், அமெரிக்கக் கன்ட்ரி பாடகி எமிலூ ஹாரிஸின் ஹாட் பேண்ட் குழுவில் ஜேம்ஸ் பர்ட்டன் விட்ட இடத்தில் உட்கார்ந்தார். எல்டன் ஜானின் 'டைனி டான்சர்' பாட்டில் அழுவதுபோல் இழையும் பெடல் ஸ்டீல் (படுக்கவைத்து, உலோகக் கட்டையால் சுரத்தை இழுத்து வாசிக்கும் கிட்டார்) பி. ஜே. கோல் என்ற லண்டன் கலைஞருடையது.

ரசிகர்கள் பக்கம் பார்த்தால், 1969 முதல் வெம்பிளியில் ஈஸ்டர் விடுமுறையில் நடந்த பெரிய கன்ட்ரி விழா, 1974-இல் தொடங்கிய கிளாஸ்கோவின் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற கன்ட்ரி கிளப், 1990களின் லைன் டான்ஸ் (வரிசையாக நின்று ஆடும் நடனம்) அலை, 1999 முதல் பிபிசி ரேடியோ 2-இல் பாப் ஹாரிஸ் நடத்திய கன்ட்ரி நிகழ்ச்சி என்று தொடர்ச்சி அறுபடவே இல்லை. 2013-இல் லண்டன் ஓ2 அரங்கில் சி2சி (கன்ட்ரி டு கன்ட்ரி) இசைவிழா தொடங்கியபின் இளைஞர்கள் வந்து சேர்ந்தார்கள். பென் ஏர்ல், கிறிஸ்ஸி ரோட்ஸ் இருவரின் 'தி ஷயர்ஸ்' 2015-இல் பிரிட்டிஷ் ஆல்பம் பட்டியலின் முதல் பத்துக்குள் நுழைந்தது. பிரிட்டனின் கன்ட்ரி கலைஞர்களில் அதுவே முதல்முறை. அடுத்த ஆண்டே ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த இரட்டைச் சகோதரிகள் வார்ட் தாமஸ் முதலிடத்தையே பிடித்தார்கள். 2019-இல் யோலா தன் முதல் தனி ஆல்பத்துக்காக நான்கு கிராமி பரிந்துரைகள் பெற்றார். அவரும் பிரிஸ்டல்காரர்தான், இங்கிலாந்தின் பிரிஸ்டல். இன்று இருபதுகளில் இருக்கும் பாடகரைக் கேட்டால் டாலி பார்ட்டன், டெய்லர் ஸ்விஃப்ட்டின் தொடக்க ஆல்பங்கள், கேசி மஸ்கிரேவ்ஸ், கிறிஸ் ஸ்டேப்பிள்டன் என்றுதான் சொல்வார். அந்தப் பெயர்களை மட்டும் வைத்து அவர் எப்படிப் பாடுவார் என்று சொல்லிவிட முடியாது. யாரிடம் என்ன கற்றார் என்பதை மூன்று இடங்களில் கேட்டுக் கண்டுபிடிக்கலாம்: வலது கை, இழுத்துப் பாடும் உயிரெழுத்து, பல்லவியின் கடைசி வரி.

வலது கையை முதலில் பார்ப்போம். கார்ட்டர் பாணி என்பது இது: சி கார்ட் பிடித்திருக்கிறீர்கள். முதல் எண்ணிக்கையில் கட்டைவிரல் ஐந்தாம் தந்தியின் மூன்றாம் கட்டையை (ஃப்ரெட்) மட்டும் தனியாகத் தட்டும். இரண்டாம் எண்ணிக்கையில் ஆள்காட்டி விரலின் நகம் மேல்தந்திகள் மூன்றையும் கீழ்நோக்கி வருடும். மூன்றில் மறுபடி கட்டைவிரல், இந்த முறை நான்காம் தந்தியின் இரண்டாம் கட்டை. நான்கில் மறுபடி வருடல். இதுவரை வெறும் 'பூம்-சிக்'. வருடலை விடாமல் கட்டைவிரலாலேயே பாட்டின் மெட்டைக் கீழ்த்தந்திகளில் வாசிக்கத் தொடங்கினால்தான் அது கார்ட்டர் பாணி. மெர்ல் டிராவிஸ் என்ற கிட்டார் கலைஞரின் பெயர்கொண்ட டிராவிஸ் பாணி வேறு: கட்டைவிரல் ஒவ்வொரு எண்ணிக்கையிலும் இரண்டு தந்திகளுக்கிடையே மாறி மாறித் தட்ட, உள்ளங்கை ஓரம் தந்திகளை லேசாக அழுத்தி அதிர்வைக் குறைக்க, ஆள்காட்டி விரல் எண்ணிக்கைக்கு நடுவே மெட்டைப் போடும். பிரிட்டிஷ் ஃபோக் (நாட்டார் இசை) வழியில் வந்தவர்களின் கை இன்னொரு மாதிரி. 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் பரப்பிய டி-ஏ-டி-ஜி-ஏ-டி சுருதியமைப்பில் திறந்த தந்திகள் தம்புராபோல் ரீங்கரிக்கும்.

அமெரிக்க வழியும் இந்த ஃபோக் வழியும் ஒரே கையில் கலந்திருப்பதுதான் பிரிட்டிஷ் கன்ட்ரியின் தனி வாசம் என்பது என் கருத்து. ஆனால் அங்கேதான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள். பாப் பாட்டுக்கு அடிப்பதுபோல் ஆறு தந்தியையும் எட்டு முறை மேலும் கீழும் அடித்துக்கொண்டே பாடினால் பாஸ் நடை காணாமல் போகும். ட்ரம்ஸ் இல்லாத மேடையில் அந்தக் கட்டைவிரல்தான் ட்ரம்ஸ், பாஸ் கிட்டார் இரண்டும். மெட்ரோனோமை 80-இல் வைத்து, அது இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் விழுவதாக எண்ணிக்கொண்டு பத்து நிமிடம் வாசித்தால் குறை உடனே காதில் விழும்.

அடுத்தது உச்சரிப்பு. 'டெக்சாஸ்காரர்போல் பாடுகிறீர்களே, பேசும்போது யார்க்ஷயர்காரர்போல் இருக்கிறீர்களே' என்ற கேள்வி எல்லோருக்கும் வரும். இது புதிதல்ல. 1983-இல் பீட்டர் ட்ரட்கில் என்ற மொழியியலாளர் பிரிட்டிஷ் பாப் பாடகர்களின் உச்சரிப்பை ஆராய்ந்து எழுதினார். பீட்டில்ஸின் ஆரம்பப் பாட்டுகளில் அமெரிக்கர்கள்போல் ஒலித்த 'ர்' வருடங்கள் போகப் போகக் குறைந்ததை அவர் காட்டினார். கன்ட்ரியில் இதற்கு இசைக் காரணமும் உண்டு. 'என்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை 'மை' என்று நீட்டினால் வாய் நடுவில் வடிவம் மாறி சுரம் ஒடுங்கும். தென்மாநிலத்தார் சொல்வதுபோல் 'மா' என்று நீட்டினால் வாய் திறந்தே இருக்கும், சுரம் நிற்கும். அதனால் நீளும் சுரத்தில் இந்த வழக்கத்தை வைத்துக்கொள்வதில் தவறில்லை. குட்டிச் சொற்களிலும் மெய்யெழுத்துகளிலும் அமெரிக்கராக நடிக்கும்போதுதான் போலி தெரிகிறது. ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, பிரிஸ்டலைச் சுற்றிய தென்மேற்குப் பகுதிக்காரர்களுக்கு உயிரெழுத்துக்குப் பின் வரும் 'ர்' பிறவியிலேயே உண்டு. அவர்கள் தங்கள் ஊர்ப்பேச்சிலேயே பாடினாலும் கன்ட்ரி காதுக்கு உறுத்தாது. லண்டன்காரர் அந்த 'ர்'-ஐ வரவழைத்தால் ஒரு வரியில் வரும், அடுத்த வரியில் காணாமல் போகும். எது செய்தாலும் பாட்டு முழுக்க ஒரே மாதிரி செய்ய வேண்டும். பேசுவதுபோல் வரிகளை ஒருமுறை போனில் பதிவு செய்து, பாடிய பதிவோடு ஒப்பிட்டால் எந்தச் சொல்லில் வேடம் போடுகிறோம் என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது, பல்லவியின் கடைசி வரி. ஹார்லன் ஹவர்ட் என்ற நாஷ்வில் பாடலாசிரியர் 'மூன்று கார்ட், கூடவே உண்மை' என்று கன்ட்ரிக்கு இலக்கணம் சொன்னார். அந்த உண்மை உட்காரும் இடம் அந்தக் கடைசி வரி. வரி மாறாது, ஒவ்வொரு சரணமும் அதன் பொருளை மாற்றும். உதாரணத்துக்கு 'வாசல் விளக்கு எரியட்டும்' என்பது வரி என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சரணத்தில் இருட்டுக்குப் பயந்த சிறுமி அம்மாவிடம் சொல்கிறாள். இரண்டாவதில் அதே பெண் இரவுப் பேருந்தில் திரும்பும்போது அம்மா அப்பாவிடம் சொல்கிறாள். மூன்றாவதில் அம்மா போய்விட்ட வீட்டை விற்குமுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு மகள் சொல்கிறாள். மூன்று இடத்திலும் அதே நான்கு கார்ட் போதும். வேலை முழுக்கச் சரணங்களின்மேல்தான். வரியைக் கடைசிவரை ஒரே பொருளில் சொன்னால் மூன்றாம் சரணத்தில் கேட்பவர் கைபேசியை எடுத்துவிடுவார்.

அந்தச் சரணங்களில் என்ன வரவேண்டும் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பார்த்திராத மண்சாலை, ஓட்டியிராத பிக்கப் வண்டி, குடித்திராத போர்பன் விஸ்கி வேண்டாம். எம்6 சாலையோரத் தேநீர்க்கடை, மூடிய நிலக்கரிச் சுரங்கத்தின் கோபுரம், அயர்லாந்துக்குப் போகும் இரவுப் படகு, மழையில் நிற்கும் பேருந்து நிழற்குடை எல்லாம் அதே வேலையைச் செய்யும். தி ஷயர்ஸ் தங்கள் பெயரையே ஆங்கிலேய மாவட்டப் பெயர்களின் வாலிலிருந்து எடுத்துக்கொண்டது சும்மா இல்லை.

இப்போது மேடை. தொடக்கத்தில் கிடைக்கும் இடங்கள் நாலைந்து வகை, ஒவ்வொன்றும் வேறு பாட்டைக் கேட்கும்.

யாரும் ஏறிப் பாடக்கூடிய ஓப்பன் மைக்கிலும், ஃபோக் கிளப்பில் வந்தவர்களுக்குத் தரும் ஃப்ளோர் ஸ்பாட்டிலும் ஒன்று முதல் மூன்று பாட்டுதான். ஃபோக் கிளப்பில் பல இடங்களில் மைக்கே இருக்காது. அங்கே பாடிப் பழகியவர்களுக்குக் குரலை அறையின் கடைசி நாற்காலிக்கு அனுப்பத் தெரியும். இதைவிட நல்ல பயிற்சி இல்லை. பப்பில் 45 நிமிடம் இரண்டு முறை, பெரும்பாலும் மற்றவர் பாட்டுகள், நடுவே சொந்தப் பாட்டு இரண்டு மூன்று. சி2சி நாட்களில் ஓ2 வளாகத்துக்குள் நடமாட்டப் பாதைகளை ஒட்டிப் போடும் சிறு மேடைகளில் பிரிட்டிஷ் புதுமுகங்களுக்கு வாய்ப்பு கிடைக்கும். போவோர் வருவோர் நின்று கேட்க வேண்டிய இடம் அது. முதல் எட்டு வினாடியில் குரல் வந்துவிட வேண்டும், நீண்ட கிட்டார் முன்னிசை அங்கே வீண்.

லைன் டான்ஸ் ஆடும் கன்ட்ரி கிளப்களைத் தனியாகச் சொல்ல வேண்டும், இளம் பாடகர்கள் அதிகம் தடுமாறுவது அங்கேதான். ஆடுபவர்கள் எட்டு எட்டாக எண்ணுகிறார்கள். ஒரு நடனம் 32 அல்லது 64 எண்ணிக்கையில் ஒரு சுற்று முடிந்து வேறு சுவரைப் பார்த்துத் திரும்பும். இசைத்தட்டில் உள்ள நீளத்துக்குத்தான் அந்த நடனம் அமைக்கப்பட்டது. நீங்கள் உணர்ச்சிவசப்பட்டு பல்லவிக்குப் பின் இரண்டு எண்ணிக்கை நிறுத்தினால் நாற்பது பேர் தப்பான சுவரைப் பார்த்து நிற்பார்கள். அங்கே பாடும் பாட்டுகளின் வேகத்தையும் அமைப்பையும் பதிவில் உள்ளபடியே வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பாட்டு என்றால் சீரான வேகத்தில், இடையில் நிறுத்தமில்லாத ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மெதுவான கதைப்பாடலுக்கு முன் 'இது உட்கார்ந்து கேட்கிற பாட்டு' என்று சொல்லிவிட்டால் அவர்களே மரியாதையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

ரவுண்ட் என்ற பாடலாசிரியர் வட்டம் நாஷ்வில்லின் ப்ளூபேர்ட் கஃபேயிலிருந்து வந்தது. 1982-இல் திறந்த அந்தச் சிறிய இடத்தில் 1985-இல் நான்கு பேர் மேடையை விட்டு இறங்கி, அறையின் நடுவே ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்து முறைவைத்துப் பாடினார்கள். பிரிட்டனிலும் இப்போது இது வழக்கமாகிவிட்டது. மூன்று நான்கு பேர், ஆளுக்கு நான்கு பாட்டு. இதற்கென்று சில மரியாதைகள் உண்டு. மற்றவர் பாடும்போது சுருதி சேர்க்கக் கூடாது. அழைக்காமல் அவர் பாட்டில் கூடப் பாடக் கூடாது. பாட்டு பிறந்த கதையை ஒரு நிமிடத்துக்குள் சொல்ல வேண்டும், பாட்டின் முடிச்சைக் கதையிலேயே அவிழ்த்துவிடக் கூடாது. முன்னவர் சாவைப் பற்றிப் பாடி முடித்தால் அடுத்து நீங்கள் குடிப்பாட்டைத் தொடங்கக் கூடாது. கையில் ஆறு பாட்டு வைத்திருந்து, சூழலைப் பார்த்து நான்கைத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

பெரிய பாடகருக்கு முன்னால் வரும் சப்போர்ட் நேரம் பெரும்பாலும் 30 நிமிடம். கணக்கு இப்படி: மூன்றரை நிமிடப் பாட்டு ஆறு என்றால் 21 நிமிடம். கைதட்டல், பேச்சு, சுருதி பார்ப்பது எல்லாம் சேர்ந்து 6 நிமிடம். மீதி 3 நிமிடம் தாமதமாகத் தொடங்க நேர்ந்தால் கைகொடுக்கும். ஏழாவது பாட்டைத் திணிப்பவர்கள் கடைசியில் அடுத்தவரின் மேடை மாற்றும் நேரத்தைத் தின்கிறார்கள், அந்த அரங்கத்திலிருந்து மறுபடி அழைப்பு வராது. வரிசையில் மூன்று விஷயம் பாருங்கள். அடுத்தடுத்து ஒரே சுருதியில் இரண்டுக்கு மேல் வேண்டாம். மூன்று எண்ணிக்கைத் தாளத்தில் இரண்டு பாட்டு ஒட்டி வர வேண்டாம். டிராப் டி போன்ற மாற்றுச் சுருதியமைப்புப் பாட்டுகளை ஒரே இடத்தில் குவித்துவிடுங்கள், இல்லாவிட்டால் பாதி நேரம் ட்யூனரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள். முதல் பாட்டு கேப்போ (தந்திகளை அழுத்திச் சுருதி ஏற்றும் கவ்வி) இல்லாமல், மிதமான உயரத்தில், கண்ணை மூடிக்கொண்டு பாடக்கூடியதாக இருக்கட்டும். தொண்டையும் மானிட்டரும் (பாடுபவருக்குத் தன் ஒலியைக் கேட்கவைக்கும் ஸ்பீக்கர்) சரியாவதற்கு ஒரு பாட்டு ஆகும். மனசைப் பிழியும் மெதுவான பாட்டு நான்காவது இடத்தில் நன்றாக உட்காரும்.

கேப்போ பற்றி ஒரு வார்த்தை: அதைக் கட்டைக் கம்பிக்குச் சற்றுப் பின்னால், ஒட்டி மாட்டுங்கள். கம்பியிலிருந்து தள்ளி மாட்டினால் தந்தி வளைந்து சுருதி ஏறும். மாட்டியபின் ஒருமுறை ட்யூனர் பாருங்கள். குளிர்காலத்தில் வண்டியில் கிடந்த கிட்டாரை மேடைக்கு வந்ததும் நேராக எடுத்து வாசிக்காதீர்கள். பெட்டிக்குள்ளேயே அறை வெப்பத்துக்கு வர அரை மணி விடுங்கள். மேடை விளக்கின் சூட்டில் தந்தி விரிந்து சுருதி இறங்கும் என்பதால் இரண்டாம் பாட்டுக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

துணைக்கு வாசிக்க ஒரு ஃபிடில்காரரோ பெடல் ஸ்டீல்காரரோ அன்றே வந்து சேர்ந்தால் நாஷ்வில் எண்முறை காப்பாற்றும். ஜோர்டனேர்ஸ் என்ற பாடகர் குழுவின் நீல் மேத்யூஸ் 1950களின் பிற்பகுதியில் தொடங்கி வைத்தது அது. நமக்குப் புரிவது எளிது: எந்தச் சுருதியானாலும் 'ச' என்பது 'ச'தானே. அதுபோல 1 என்பது ச-வின் மேல் நிற்கும் கார்ட், 4 ம-வின் மேல், 5 ப-வின் மேல். தாளில் '1 1 4 5' என்று இருந்தால் ஜி சுருதியில் ஜி, ஜி, சி, டி. தொண்டை சரியில்லை என்று எஃப்-க்கு இறக்கினாலும் தாளைத் திருத்த வேண்டியதில்லை. ஒவ்வொரு எண்ணும் ஒரு தாள அளவு. எண்ணைச் சுற்றி வைர வடிவம் போட்டால் அங்கே ஒருமுறை தட்டி ஒலிக்க விட வேண்டும். ஒரு பாட்டு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.

இருவர் சேர்ந்து பாடும் குழுக்களில், மேல்குரல் பெரும்பாலும் மூன்றாம் சுரத் தொலைவில் கூடவே வரும். சகோதரக் குரல்கள் இழைவதற்கு இயற்கை உதவுகிறது; மற்றவர்கள் உழைக்க வேண்டும். உயிரெழுத்தின் வாய்வடிவம் இருவருக்கும் ஒன்றாக இருக்கட்டும். வரி முடிவில் வரும் 'ஸ்', 'ட்' போன்ற ஒலிகளை ஒருவர் மட்டும் முடிக்கட்டும், இன்னொருவர் விட்டுவிடட்டும். இருவரும் முடித்தால் இரட்டையாய்த் தெறிக்கும்.

இனி சவுண்ட். தனியாகப் பாடுபவருக்கு இரண்டே சேனல்தான், ஆனாலும் பிரச்சினை வருவது இங்கேதான். அகௌஸ்டிக் கிட்டாரின் தந்திகள் அமரும் சேணத்துக்கடியில் இருக்கும் பீசோ பிக்கப்பை (அதிர்வை மின்சைகையாக்கும் துண்டு) ப்ரீஆம்ப் என்ற முன்பெருக்கி இல்லாமல் நேராக மிக்சரின் லைன் உள்ளீட்டில் செருகினால் பாஸ் போய், தகரம் தட்டுவதுபோல் ஒலிக்கும். அந்தப் பிக்கப்புக்கு ஒரு மெகாஓம், முடிந்தால் பத்து மெகாஓம் உள்ளீடு வேண்டும். மிக்சரின் உள்ளீடு சில பத்தாயிரம் ஓம்தான். எனவே இடையில் செருகும் ஆக்டிவ் (மின்சாரத்தில் இயங்கும்) டிஐ பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாக வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாருக்குள்ளேயே ப்ரீஆம்ப் இருந்தால் சாதாரண பாசிவ் டிஐ போதும்; அதற்கு 9 வோல்ட் பேட்டரி புதிதாகப் போட்டிருக்க வேண்டும். கிட்டாரில் வயர் செருகியிருக்கும்வரை பேட்டரி தீர்ந்துகொண்டே இருக்கும், இடைவேளையில் கழற்றிவிடுங்கள்.

கிராமத்து மன்றக் கூடம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். மரத்தரை, வெற்றுச் சுவர், உயரமில்லாத மேடை. ஒலியைக் கூட்டியதும் கிட்டார் 'ஊ' என்று முனகத் தொடங்குகிறது. பெரிய உடல் கொண்ட ட்ரெட்நாட் வகை கிட்டாரில் உள்ளிருக்கும் காற்று ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸிலும், மேற்பலகை 200 ஹெர்ட்ஸை ஒட்டியும் தானாகவே அதிரும். மானிட்டரிலிருந்து வரும் ஒலி அந்தப் பலகையை ஆட்ட, பிக்கப் அதை மறுபடி அனுப்ப, சுழல் பிடித்துக்கொள்கிறது. செய்ய வேண்டிய வரிசை: முதலில் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடுங்கள். இரண்டாவது, கிட்டார் சேனலில் தாழ்ந்த ஒலிகளை வெட்டும் ஹை-பாஸ் ஃபில்டரை 80 முதல் 100 ஹெர்ட்ஸில் வையுங்கள். மூன்றாவது, ஒலியலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். பாதி நேரம் அதிலேயே அடங்கிவிடும். நான்காவது, இன்னும் முனகினால் அந்த அலைவரிசையைக் கண்டுபிடித்து அதை மட்டும் 3 முதல் 6 டெசிபெல் குறையுங்கள். மொத்த பாஸையும் வெட்டிவிடாதீர்கள். கட்டைவிரல் பாஸ்தான் உங்கள் தாளம் என்பது நினைவிருக்கட்டும். ஐந்தாவது, மானிட்டரில் கிட்டாரையே குறையுங்கள். அது உங்கள் நெஞ்சில்தான் சாய்ந்திருக்கிறது, எப்படியும் கேட்கும். மானிட்டரில் தேவைப்படுவது குரல்.

குரல் மைக் விசிலடித்தால் மானிட்டர் நிற்கும் இடத்தைப் பாருங்கள். பரவலாகப் பயன்படும் எஸ்எம்58 மைக் கார்டியாய்டு (முன்னால் வரும் ஒலியையே அதிகம் பிடிக்கும்) வகை, அதன் காது கேளாத பக்கம் நேர் பின்புறம்; எனவே மானிட்டர் உங்கள் முன்னால் நேராக இருக்கலாம். சூப்பர்கார்டியாய்டு வகைக்கு அந்தச் செவிட்டு இடம் பின்புறத்தின் இரு ஓரங்களில் இருக்கிறது, மானிட்டரைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும். எந்த மைக்கானாலும் அதன் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்காதீர்கள்.

சில கூடங்களிலும் பப்களிலும் சவுண்ட் லிமிட்டர் என்ற பெட்டி சுவரில் இருக்கும். அளவு தாண்டினால் சிவப்பு விளக்கு எரியும். தொடர்ந்து தாண்டினால் மேடையின் மின்சாரத்தையே வெட்டிவிடும். டிஜிட்டல் மிக்சர் திரும்ப எழுந்து வருவதற்குள் கூட்டத்தின் மனநிலை போய்விடும். பெரும்பாலும் அதைத் தூண்டுவது ட்ரம்ஸின் அடிதான், எனவே அப்படிப்பட்ட இடத்துக்கு கஹோன் என்ற பெட்டித் தாளவாத்தியமும் மெல்ல ஒலிக்கும் பிரஷ்ஷும் கொண்டுபோங்கள். லிமிட்டர் இருக்கிறதா என்பது முன்கூட்டியே கேட்க வேண்டிய கேள்வி.

ஒலிச் சோதனைக்கு சப்போர்ட் பாடகருக்குக் கால் மணி கிடைத்தால் பெரிது. விழாக்களில் ஐந்து நிமிட லைன் செக்தான், ஒவ்வொரு வயரிலும் ஒலி வருகிறதா என்று மட்டும் பார்ப்பது. அதனால் எத்தனை சேனல், எது எங்கே, யாருக்கு எந்த மானிட்டர் என்ற ஒரு பக்கத் தாளை ஒரு வாரம் முன்பே அனுப்புங்கள். சோதனையில் உங்கள் உரத்த பல்லவியை ஒருமுறை, மெல்லிய சரணத்தை ஒருமுறை பாடுங்கள். பையில் ஒரு செட் தந்தி, தந்தி சுற்றி, இரண்டு எக்ஸ்எல்ஆர் வயர், உபரி கேப்போ, பேட்டரி இருக்கட்டும். மின்கருவிகள் பாதுகாப்பானவை என்று காட்டும் பேட் சோதனைச் சான்றையும் பொறுப்புக் காப்பீட்டையும் பல இடங்களில் கேட்பார்கள். இசைக்கலைஞர் சங்க உறுப்பினர்களுக்கு 1 கோடி பவுண்டு வரை பொறுப்புக் காப்பீடு உறுப்பினர் கட்டணத்திலேயே அடங்கியிருக்கிறது.

பிரிட்டிஷ் கன்ட்ரி ரசிகர்கள் வரிகளைக் கேட்பவர்கள். வானொலியில் வராத ஆல்பம் பாட்டுகளைக்கூட மனப்பாடமாய்ப் பாடுகிறார்கள் என்று அமெரிக்கப் பாடகர்கள் வியப்பார்கள். அந்த அமைதியைப் பார்த்துப் புதியவர்கள் பயந்து, நிரப்புவதற்காகப் பேசிக்கொண்டே போகிறார்கள். வேண்டாம். 20 முதல் 30 வினாடிப் பேச்சு போதும், அதுவும் எல்லாப் பாட்டுக்கும் முன்னால் அல்ல. உங்கள் பெயரை மட்டும் இரண்டு முறை சொல்லுங்கள், முதல் பாட்டு முடிந்ததும் ஒருமுறை, கடைசிப் பாட்டுக்கு முன் ஒருமுறை. சப்போர்ட் பாடகரின் பெயரை அரங்கம் பெரும்பாலும் அறிவிப்பதில்லை.

பணம்: சின்ன சப்போர்ட் வாய்ப்புகளுக்குக் கிடைப்பது பெட்ரோலுக்கே பற்றாமல் போகலாம். ஈடுகட்டுவது மேசையில் விற்கும் சிடியும் டி-ஷர்ட்டும்தான். பாடி முடித்த ஐந்து நிமிடத்துக்குள் நீங்களே மேசையில் நில்லுங்கள், அட்டை இயந்திரம் சார்ஜ் ஏற்றி இருக்கட்டும். இன்னொரு வருமானத்தைப் பலர் கைவிட்டுவிடுகிறார்கள்: பாட்டை பிஆர்எஸ் என்ற பாடலாசிரியர் உரிமைத்தொகை அமைப்பில் பதிந்து, பாடிய தேதி, இடம், பாட்டு வரிசையை இணையத்தில் அன்றே நிரப்பினால் எழுதியவருக்கு உரிமைத்தொகை வரும். அமெரிக்காவுக்குப் போக ஆசைப்படுபவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். எஸ்டா என்ற விசா இல்லாப் பயண அனுமதியில் போய்ச் சம்பளத்துக்கு மேடையேற முடியாது. ஓ-1 (O-1) அல்லது 'P' வகை விசா வேண்டும், பார்வையாளருக்கான 'B' வகை அல்ல. இருவர் மூவர் சேர்ந்து பாட்டெழுதினால் யாருக்கு எத்தனை சதவீதம் என்பதை அந்த அறையை விட்டு எழுமுன் ஒரு குறுஞ்செய்தியில் எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். பாட்டு ஓடத் தொடங்கிய பிறகு அந்தப் பேச்சை எடுத்தால் நட்பும் போகும், பதிவும் தள்ளிப்போகும்.